இரண்டாவது பிரேக்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்திலும் இதைத்தான் முதலில் சொன்னேன். அங்கே யாருக்கும் அது பிடிக்கவில்லை.

வக்கீலம்மா பிரமாணப் பத்திரத்தை டைப் செய்து எடுத்து வந்திருந்தார். அதில் ஒரு வரி, மனுதாரர்கள் இருவரும் கூடப் பிறந்த சகோதரிகளைப் போலப் பாசத்துடன் வாழ்ந்து வருகிறார்கள் என்று இருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இந்த வரியை எடுத்துடுங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

"சத்தியம் பண்ணிக் குடுக்கற காகிதம். அதுல பொய் எழுதக் கூடாது."

பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார் தலையை ஆட்டினாள். "அண்ணி சொல்றது சரிதாங்க. நாங்க எலியும் பூனையும். வேணும்னா பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க."

எனக்குத் தெரிந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பாசம் இல்லைன்னா எதுக்கு ஒரு கிட்னியைத் தூக்கிக் குடுக்கறீங்க? ஜட்ஜு மொத கேள்வியே அதைத்தான் கேப்பாரு."

யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லாத பதில் ஒன்றுதான் இருந்தது.

"அவ முன்னாடி என்னால தண்ணி குடிக்க முடியல. அதை எழுதிக்குங்க."

நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் ஒரு சின்னப் பாட்டிலில் அன்றைக்கு உள்ளதை ஊற்றி வைத்துக்கொண்டு, மருந்து குடிப்பதைப் போல மூடியில் ஊற்றி நாக்கை நனைப்பாள். நான் ஒரு ஹோட்டலின் லாண்டரியில் வேலை பார்க்கிறேன். இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் படுக்கை விரிப்புகளை விட்டு எடுக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது தொண்டை வறண்டு கிடக்கும். கூடத்தில் அவள் இருப்பாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, சத்தம் வராமல் குடிப்பேன்.

ஒரு நாள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணி, தொண்டைல இறங்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. திருட்டுத்தனமா குடிச்சா உடம்புல ஒட்டாது, நல்லா வெளிய வந்து குடிங்க."

அவள் கிண்டல் எப்போதும் அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் என் ரத்தம் அவளுக்குச் சேருமா என்று பார்க்கச் சொன்னேன். சேர்ந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இப்படிச் சேர்வது அபூர்வம் என்றார்.

சேர்ந்து என்ன பயன்? உறுப்பு தானச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பெற்றவர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர், கணவன் மனைவி. அவ்வளவுதான். வேறு யார் கொடுக்க வந்தாலும், தானத்துக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழு உள்ளேயே விடாது. அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. கூடப் பிறந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான், அவருக்குச் சர்க்கரை. பிள்ளை இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஆள் ஒருவன் இருக்கத்தான் செய்தான். அவளைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைப்பொழுதில் சட்டை வாங்கிவிட்டு வருகிறேன் என்று போய், இன்னும் சட்டை வாங்கிக்கொண்டிருக்கிற மகாராசன். விவாகரத்து ஆகவில்லை என்பதால் சட்டத்தின் கண்ணுக்கு அவன் நெருங்கிய உறவு. ஒரே வீட்டில் ஒரே குழம்புக்குச் சண்டை போடும் நான் யாரோ.

"அவன் குடுத்தா வாங்கிப்பீங்களா?" என்று குழுவில் இருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"அவரு வந்தா தாராளமா."

"எங்க இருக்கான்னே தெரியாதே."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் விண்ணப்பத்தைத் தூக்கி எறியாமல், நிலுவை என்று போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். சட்டம் மாறினால் பார்க்கலாம் என்றார். அப்படித்தான் நாங்கள் வழக்குப் போட்டோம். அவள் முதல் மனுதாரர், நான் இரண்டாவது மனுதாரர்.

நாத்தனார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள். வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சொதப்பினால் அவள் மிதிப்பாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள், எல்லோருக்கும் அவள் பிரேக் மேடம். நோய் வந்த பிறகும் முடிந்த நாட்களில் போய்க்கொண்டிருந்தாள். ரத்தம் சுத்தம் செய்த நாட்களில் மட்டும் கை கால் துவண்டு, வண்டியை எடுக்க முடியாமல் போகும். அதனால் எனக்கு ஓட்டக் கற்றுத் தருவது என்று முடிவு செய்தாள். என்னைக் கேட்கவில்லை.

"கைய ஸ்டீரிங்ல வைங்கண்ணி. துணி பிழியற மாதிரி முறுக்காதீங்க."

"நீ ஒழுங்கா சொல்லிக் குடு மொதல்ல."

"ஒழுங்கா சொல்லிக் குடுத்துதான் இவ்ளோ பேரு லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. உங்களுக்குத்தான் மண்டைல ஏறல."

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் ஓட்டுவாள், திரும்பும்போது நான். வழி முழுக்க அவள் வலது கால் அந்தப் பிரேக்கின் மேல் தொட்டும் தொடாமலும் இருக்கும். வாடகைக்கு எடுத்த கால் மாதிரி மெலிந்து போயிருந்தது, ஆனால் மிதித்தால் வண்டி நிற்கும்.

எங்கள் வழக்கு இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போனது. மூத்தவர் ஓயாமல் இருமுவார், அதனால் எங்களுக்குள் அவர் இருமல்காரர். இன்னொருவர் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார், அவர் கண்ணாடியம்மா. வக்கீலம்மா எங்களைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார்.

"ஜட்ஜுங்க ரெண்டு வகை. அரசியல் சாசனத்துல உயிர் வாழற உரிமைன்னு ஒரு வரி இருந்தா, அந்த வரியைக் கையில புடிச்சிக்கிட்டு எவ்ளோ தூரம் போக முடியுமோ போவாங்க, அது ஒரு வகை. எழுதினவங்க எங்க நிறுத்தினாங்களோ அங்கயே நாமளும் நிப்போம், மிச்சத்தை ஓட்டு வாங்கி வந்தவங்க பாத்துக்கட்டும்பாங்க, அது இன்னொரு வகை. நமக்கு வகைக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு."

"இதுல யாரு நல்லவங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே நல்லவங்கதாம்மா. அதான் பிரச்சனை."

நாங்கள் முதலில் கேட்டது இடைக்கால உத்தரவு. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க அவளால் முடியாது, இப்போதைக்கு அனுமதி கொடுங்கள், வழக்கு பிறகு நடக்கட்டும் என்றார் வக்கீலம்மா. முதல் வகை என்று வக்கீலம்மா நம்பியிருந்த இருமல்காரரே அதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

"இடைக்கால உத்தரவுன்னா, வழக்கு தோத்தா பழைய நிலைமைக்குத் திரும்பணும். இதுல எப்படித் திரும்பறது? எடுத்து வெச்ச சிறுநீரகத்தைத் திருப்பிக் குடுன்னு உத்தரவு போட முடியுமா?"

நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போலிருந்தது.

அதன்பின் வாய்தா மேல் வாய்தா. நீதிமன்றச் சுவரில் உள்ள பலகையில் வழக்கு எண்கள் சிவப்பில் மாறும், எங்கள் எண் வருவதற்குள் அன்றைய நேரம் முடிந்து மணி அடித்துவிடும். லாண்டரியில் விடுப்புக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது. ஒரு வழியாக வாதம் தொடங்கியபோது பேசியது பெரும்பாலும் கண்ணாடியம்மாதான்.

"சரி, அண்ணியைச் சேத்துட்டோம்னு வைங்க. நாளைக்குச் சித்தப்பா சம்சாரம் வருவாங்க. அடுத்து நெருங்கின சிநேகிதர். அடுத்து முதலாளிக்காகத் தொழிலாளி. கோட்டை எங்க போடறது? அதைப் போட வேண்டியது நானா, சட்டம் போடற சபையா?"

"கோடு போடறது சபைதாங்க," என்றார் வக்கீலம்மா. "ஆனா போட்ட கோடு ஒரு உயிர் மேல போய் நின்னா, அதை அழிக்கறது உங்க வேலை. அதுக்குத்தான் சாசனமே இருக்கு."

"அழிச்ச இடத்துல வேற கோடு நான் வரைஞ்சா, என்னை யார் தேர்ந்தெடுத்தாங்க?"

இருமல்காரர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "யாரும் தேர்ந்தெடுக்காததாலதான் நம்மால இதைச் செய்ய முடியும்."

கண்ணாடியம்மா அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். பட்டியலைத் திருத்தும் எண்ணம் அரசுக்கு உண்டா என்று கேட்டார்.

"பரிசீலனையில் உள்ளதுங்க."

"எவ்வளவு காலமா?"

"தொடர்ந்து பரிசீலனையில் உள்ளதுங்க."

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பிரமாணப் பத்திரத்தை எடுத்து, அந்தத் தண்ணீர் வரியை ஒரு முறை சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவர்தான் முதலில் குனிந்தார்.

தீர்ப்பு நாளில் இருவரும் தனித்தனியாகப் படித்தார்கள். இருமல்காரர் மனுவை ஏற்பதாகச் சொன்னார். ஒருத்தி முன் இன்னொருத்தியால் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்றால் அதைவிட நெருங்கிய உறவைச் சட்டத்தால் வரையறுக்க முடியாது, உயிர் வாழும் உரிமை இதற்கு இடம் தராவிட்டால் வேறு எதற்குத்தான் தரும் என்றார். அந்த நேரத்தில் எனக்கு உடம்பு லேசானது. நாத்தனாரின் கையை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை, பிடித்திருந்தேன்.

அடுத்து கண்ணாடியம்மா. அந்த வரி இந்த நீதிமன்றத்தை உலுக்கியது, ஆனால் உலுக்கப்படுவது மட்டும் அதிகாரம் ஆகாது. பட்டியலைக் குறுக்கி எழுதியவர்கள், ஏழையின் உடம்பை விலைக்கு வாங்குகிறவர்களுக்குப் பயந்து எழுதினார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதை விரிப்பது சபையின் கடமை, சபை அதைத் தாமதமின்றிச் செய்யும் என்று நம்புகிறேன். மனு தள்ளுபடி.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீதிபதிகள் பின்கதவு வழியாகப் போய்விட்டார்கள். நான் வக்கீலம்மாவின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"ரெண்டும்."

"அது எப்படிங்க?"

"ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னா மூணாவது ஜட்ஜுக்குப் போகும். தலைமை நீதிபதி ஒருத்தரைப் போடுவாரு. அவரு சொல்றதுதான் முடிவு."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இப்ப இருக்கறபடியே."

இப்போது இருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியும். வழக்குக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று வண்டியை நான் ஓட்டினேன். வாயைத் திறந்தால் நிறுத்த முடியவில்லை. கண்ணாடியம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது, அந்தம்மா வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் தெரியும் என்று பொரிந்து தள்ளினேன். நாத்தனார் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒருத்தன் கத்துக்கிட்டான் அண்ணி. குடோன்ல வேலை பாக்கறவன். கிளட்சை மிதிச்சா இடுப்பைப் புடிச்சிக்குவான். என்னடான்னு கேட்டேன். முதலாளிக்குத் தம்பின்னு பேப்பர் தயார் பண்ணி ஒரு கிட்னியை எடுத்துக்கிட்டாங்களாம். தம்பின்னு பட்டியல்ல இருக்கு பாருங்க, அதனால."

"அதுக்கு?"

"இவ்ளோ குறுகலா இருக்கறப்பவே ஆளு பூந்து வர்றான். அந்தம்மா அதுக்குத்தான் பயப்படறாங்க. எனக்கு அது தப்பாப் படல."

ஆத்திரத்தில் எனக்குக் கண் இருட்டியது. "அப்ப நீ செத்துப் போலாமா?"

"நான் அப்படியா சொன்னேன்? எனக்கு ஜெயிக்கணும். உங்க கிட்னி எனக்கு வேணும், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்தம்மா சொன்னதும் சரின்னு தோணுது. ரெண்டும் ஒண்ணாத் தோணுது, என்ன பண்ணச் சொல்றீங்க?" காலடியைக் காட்டினாள். "இந்தப் பிரேக்கு இருக்கே, இதை மிதிக்கறது பெரிய வித்தை இல்ல. எப்ப மிதிக்கறதுன்றதுதான். சீக்கிரம் மிதிச்சிட்டா ஓட்டறவன் எப்பவும் கத்துக்க மாட்டான், மேடம் பாத்துப்பாங்கன்னு இருப்பான். லேட்டா மிதிச்சா செவுத்துல போய் நிப்போம். நானே எத்தனையோ தடவை தப்பாக் கணக்குப் போட்டிருக்கேன்."

"நீ தப்பாப் போட்டா பம்பர் நசுங்கும். அந்தம்மா தப்பாப் போட்டா?"

முன்னால் ஒரு லாரி சட்டென்று நின்றது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவள் மிதித்தாள்.

மூன்றாவது நீதிபதியைப் போடத் தாமதமானது. நியமிக்கப்பட்டவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனார். திரும்பியபோது நீதிமன்றத்துக்கு விடுமுறை. வக்கீலம்மா வாரம் தவறாமல் அவசர மனு கொடுத்தார், பதிவாளர் வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டார். இதற்கு நடுவில், ரத்தம் சுத்தம் செய்யப் போட்டிருந்த குழாய் வழியாக நாத்தனாரின் ரத்தத்தில் கிருமி ஏறியது. காய்ச்சல் என்று போனவளை உள்ளே வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பார்க்கப் போனேன். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன்.

"அவங்க செய்வாங்கண்ணி," என்றாள்.

"யாரு?"

"சபைல. அந்தம்மா சொல்லிட்டாங்கல்ல. செய்வாங்க. லேட்டாச் செய்வாங்க."

"நீ பேசாம படு. உன் வாய் ஒண்ணுதான் இன்னும் கெடாம இருக்கு."

சிரிக்கப் பார்த்தாள். மறுநாள் காலையில் நான் போகும்போது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அழுதார். நான் அழவில்லை. அழுகை வராதது எனக்கே விசித்திரமாக இருந்தது. லாண்டரியில் வேலை பார்த்துப் பார்த்து என் விரல் நுனிகள் மரத்துப்போனவை, சூடான விரிப்பைத் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. அது உள்ளேயும் ஏறிவிட்டது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, எதுக்கு என்று கேட்டேன்.

அதன்பின் எங்கள் எண் பலகையில் வந்தது.

மூன்றாவது நீதிபதி சாந்தமான மனிதர். வக்கீலம்மா எழுந்து, முதல் மனுதாரர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். நீதிமன்றம் தன் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்வதாகச் சொன்னார். பிறகு டைப் செய்கிறவரைப் பார்த்து வாசகம் சொன்னார். மனு பயனற்றுப் போனதால் முடித்து வைக்கப்படுகிறது, சட்டக் கேள்விகள் தகுந்த வழக்கு வரும்போது முடிவு செய்யத் திறந்து விடப்படுகின்றன.

நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் எழுந்துவிட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம். நான் ரெண்டாவது மனுதாரர்."

வக்கீலம்மா என்னைத் தடுக்கவில்லை. நீதிபதி, சொல்லுங்கம்மா என்றார்.

"ஒருத்தர் குடுக்கலாம்னு சொன்னாரு. ஒருத்தர் கூடாதுன்னு சொன்னாங்க. நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. கூடாதுன்னாலும் சரிதான். எது சரின்னு தெரிஞ்சாப் போதும்."

"அதைச் சொல்லி இப்ப யாருக்கு என்ன ஆகப் போகுதும்மா?"

"எனக்கு ஆகும். நான் இருக்கேன்ல."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். "அம்மா, உயிரோட இருக்கற தகராறைத்தான் நீதிமன்றம் தீர்க்க முடியும். தெரிஞ்சிக்கறதுக்காகக் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சா, அது எங்க வேலையைத் தாண்டினதா ஆயிடும். மன்னிச்சிக்குங்க."

பலகையில் அடுத்த எண் வந்தது. அந்த வழக்குக்காரர்கள் நாங்கள் எழுந்த இடத்தில் உட்கார வந்து நின்றார்கள். வழிவிட்டேன்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விற்று ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று, பயிற்சிப் பள்ளிக்காரர் அந்தப் பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு அவள் பெயரில் மாற்றிக் கொடுத்திருந்தார். விற்கவில்லை. பக்கத்து சீட்டில் அந்தப் பிரேக் அப்படியே இருக்கிறது. அடியில் அவள் செருப்புத் தேய்ந்த தடம் இருக்கிறது. வளைவுகளில் நான் இப்போது ஒழுங்காகத் திரும்புகிறேன்.

வருடம் திரும்பியது. ஒரு மத்தியானம், லாண்டரியில் மடிக்கும் மேஜைக்கு மேலே உள்ள தொலைக்காட்சியில் சபை நடவடிக்கை ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதில்லை, சத்தத்துக்காகப் போட்டு வைப்பார்கள். அமைச்சர் எழுந்து உறுப்பு தானச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். மாண்புமிகு நீதிபதி அம்மையார் நீதிமன்றத்தின் எல்லையை மதித்து இந்தப் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார், அந்த நம்பிக்கையை இந்தச் சபை காப்பாற்றுகிறது என்றார். கூடப் பிறந்தவரின் மனைவி, கணவர் ஆகியோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். விற்பனை நடக்காமல் பார்த்துக்கொள்ள விசாரணை, காத்திருப்பு, தண்டனை என்று பின்னாலேயே நிறைய விதிகள். குடோன்காரனுக்கு நடந்ததுபோல் இனி நடக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். இருமல்காரரின் ஒரு வரித் தீர்ப்பு ஜெயித்திருந்தால் அத்தனையும் இருந்திருக்காது. அது எனக்கே தெரிந்தது. சபையில் மேஜைகளைத் தட்டினார்கள்.

"அக்கா, இது உங்க கேஸுதானே?" என்றாள் எதிரில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள்.

"ஆமா."

"ஜெயிச்சிட்டீங்களா?"

"அந்த முனையைப் புடி, சுருங்குது பாரு," என்றேன். பிடித்தாள். மடித்தோம்.

கண்ணாடியம்மா சொன்னது நடந்தது. நாத்தனார் சொன்னதும் நடந்தது. கோபப்படலாம் என்று பார்த்தேன், யார் மேல் என்று தெரியவில்லை. அந்தம்மா மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், வைத்த இடத்தில் அது இல்லை. ஒருவேளை இப்போது யாரோ ஒரு அண்ணி யாரோ ஒரு நாத்தனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவர்களுக்குள்ளும் ஆகாமல் இருக்கலாம். நல்லது, போகட்டும்.

சில வாரம் கழித்து, நான் வீட்டில் தனியாக இருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரிக் குழுவிலிருந்து. பழைய அதிகாரி இல்லை, யாரோ புது ஆள், சுறுசுறுப்பான குரல்.

"வணக்கம்மா. உங்க அப்ளிகேஷன் ஒண்ணு எங்ககிட்ட நிலுவைல இருக்கு. புதுச் சட்டப்படி நீங்க இப்ப தகுதியான உறவுல வர்றீங்க. பழைய நிலுவை எல்லாத்தையும் நாங்களே கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

"என்னைச் சேத்தாச்சா?"

"சேத்தாச்சும்மா. இனி ஒரு தடையும் இல்ல. நீங்களும் பேஷண்டும் சேர்ந்து ஒரு தடவை வந்துட்டுப் போகணும். திங்கக்கிழமை காலைல வர முடியுமா?"

அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் வர்றேன்," என்றேன். "அவளால வர முடியாது."

"ரெண்டு பேரும் வந்தாத்தாம்மா நல்லது. வேணும்னா அடுத்த மாசத்துல ஒரு தேதி தரட்டுமா?"

"தாங்க."

அவர் தேதி சொன்னார். வாங்கிக்கொண்டேன். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க அவங்களை, என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

தொண்டை வறண்டிருந்தது. சமையலறைக்குப் போய்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தேன். கூடத்தில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். சத்தம் வராமல் குடித்தேன்.